பால் போன வழி

சாப்பிடும்போது புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பார்கள் நம் பாட்டிமார். கைக்குழந்தைக்குப் புரையேறினாலோ செய்தி வேறு. குடித்த பால் எதுக்களித்து, மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். இருமல், இளைப்பு, நிமோனியா என்று மாறி மாறி வரும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நாமும் வெறும் சளி என்றே கைவைத்தியம் செய்துகொண்டிருப்போம்.

எங்களுள் ஒருத்தியின் தம்பிப் பாப்பாவுக்கு இப்படித்தான் இருந்தது. மருத்துவர் "பால் ஸ்கேன்" எடுக்கச் சொன்னார். அது அணு மருத்துவப் பிரிவில் எடுப்பது என்றதும் வீடே நடுங்கிப் போயிற்று. உத்திரமேரூர்ப் பக்கத்தில் அணு என்றால் 1984-இல் தொடங்கிய கல்பாக்கம் மின்நிலையம்தானே நினைவுக்கு வரும்! "பச்சைப் பிள்ளைக்கு அணுவா?" என்று பாட்டி அழுதே விட்டாராம். ஆகவே நாங்கள் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

இச்சோதனைக்கு உதவுவது டெக்னீஷியம் 99எம். 1937-இல் கண்டறியப்பட்ட டெக்னீஷியமே செயற்கையாக உண்டாக்கப்பட்ட முதல் தனிமம். மாலிப்டினம் 99 சிதையும்போது 99எம் பிறக்கிறது. மாலிப்டினம் அடைத்த கலத்திலிருந்து மருத்துவமனையில் அதைக் கறந்து எடுக்கிறார்கள். "கறந்து" என்று வேடிக்கைக்குச் சொல்லவில்லை; அக்கலத்திற்கு விஞ்ஞானிகள் இட்ட செல்லப்பெயரே "பசு"! இதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். காலை ஆறு மணிக்கு இருந்தது நண்பகலில் பாதி, மாலை ஆறுக்குக் கால், மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்கு.

கந்தகக் கூழ்மத்துடன் சேர்ந்த டெக்னீஷியத்தைச் சிறிதளவு பாலில் கலந்து புகட்டுகிறார்கள். அது குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அடுத்து வாயும் உணவுக்குழலும் கழுவப்படக் கொஞ்சம் வெறும் பால். ஏப்பம் விடவைத்து, மல்லாக்கக் கிடத்துகிறார்கள். ஊசி கிடையாது. எக்ஸ்ரே போலக் காமா கேமரா கதிரைப் பாய்ச்சுவதில்லை; பாலிலிருந்து வரும் கதிர்களை வாங்கிப் படமாக்குகிறது, அவ்வளவே. ஏறக்குறைய ஒரு மணி நேரம் பால் ஏறி இறங்குவது பதிவாகிறது. சில மணி கழித்து நெஞ்சை மறுபடி படம் எடுக்கிறார்கள். நுரையீரல் இருக்குமிடத்தில் புள்ளி தெரிந்தால், பால் அங்கே போயிருக்கிறது. தெரியாவிட்டால் போகவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்குப் புரையேறாமல் இருந்திருக்கலாம்.

தம்பிப் பாப்பாவின் படத்தில் வலப்பக்கம் ஒரு புள்ளி இருந்தது. இப்போது மருந்தோடு, நிமிர்த்திப் பிடித்தே பால் புகட்டுகிறார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் மருத்துவர் கண்டித்தாராம். அந்த எண்ணெயும் நுரையீரலில் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்குமாம். எண்ணெய்க் கிண்ணத்தைப் பாட்டி எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அந்தப் "பசு" என்ன தீனி தின்னும் என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.