மீட்டர் எப்போ கண்ணைத் திறக்குது?

எல்.இ.டி.க்குத் தொடர்ந்து கரண்ட் கொடுத்தா சூடாகும். சூடானா ஃபார்வர்ட் வோல்டேஜ் இறங்கும். அதனாலதான் பல்ஸ் கொடுத்து அளக்கச் சொல்றாங்க. ஜெனரேட்டர்ல 5 மில்லிசெகண்ட் பல்ஸ், எல்.இ.டி. மேல 3 வோல்ட்னு வெச்சுக்கோங்க. சிங்க் அவுட்ல இருந்து பி.என்.சி. கேபிளை மல்டிமீட்டரோட எக்ஸ்டர்னல் டிரிகர்ல மாட்டியாச்சு. ரீடிங் 0.75 வோல்ட்! நூறு தடவை எடுத்தாலும் அதேதான். இவ்வளவு நிலையா வர்ற தப்பை ரெவ்யூ வரைக்கும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

டிரிகர் 'ஆரம்பி'ன்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவு நேரம் பார்க்கணும்னு முடிவு பண்றது இன்டெக்ரேஷன் டைம். அது 1 பவர் லைன் சைக்கிள்னா, நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸுக்கு 20 மில்லிசெகண்ட். அதுல 5-ல மட்டும் 3 வோல்ட், மீதி 15-ல சைபர், சராசரி 0.75. திருமயிலை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் வந்து போறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேமரா ஷட்டரைத் திறந்தே வெச்ச மாதிரி: படத்துல பாதிக்கு மேல வெறும் தண்டவாளம்தான்.

சரி, 0.02 சைக்கிளுக்கு இறக்குங்க. ஜன்னல் 0.4 மில்லிசெகண்ட் ஆயிடும். அடுத்து அதை எங்க வைக்கிறது? பழைய மீட்டர்கள்ல டிரிகர் வந்த பிறகு அளக்கத் தொடங்கவே 1 மில்லிசெகண்ட் வரை ஆகலாம், டேட்டாஷீட்ல பாருங்க. டிலே 3 மில்லிசெகண்ட் கொடுத்தா, மோசமான நிலையிலும் 4.4-க்குள்ள வேலை முடிஞ்சுடும். ஆட்டோ ரேஞ்சை அணைச்சிடுங்க, அது நடுவுல ரேஞ்ச் மாத்தி நேரத்தைக் குழப்பும்.

இன்னொரு பொறி: பல மீட்டர்கள் இறங்கும் விளிம்புலதான் டிரிகர் ஆகும். சிங்க் சிக்னல் பல்ஸ் முழுக்க உயர்ந்தே இருந்தா, இறங்கும் விளிம்பு வரும்போது பல்ஸே முடிஞ்சிருக்கும். ஜெனரேட்டர்ல போலாரிட்டியை மாத்துங்க. அந்த வசதி இல்லேன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு 7404 வாங்கிக்கலாம்.

ஜன்னலைச் சின்னதாக்கினதுக்கு ஒரு விலை உண்டு. 20 மில்லிசெகண்ட் சராசரியில கரைஞ்சுபோன 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இப்ப உள்ள வரும். பல்ஸை 100 மில்லிசெகண்டுக்கு ஒண்ணா விட்டா, ஒவ்வொரு ரீடிங்கும் இரைச்சல் அலையோட கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும். எத்தனை எடுத்தாலும் சராசரி அதைப் போக்காது. 102.5 மில்லிசெகண்டுக்கு ஒண்ணா விட்டு 8 ரீடிங் எடுத்துப் பாருங்க. ஒவ்வொண்ணும் 2.5 நகர்ந்து, எட்டும் சேர்ந்து ஒரு முழு சைக்கிளைச் சுத்தி வந்துடும். இரைச்சலோட மேலும் கீழும் கழிஞ்சு, எல்.இ.டி.யோட வோல்டேஜ் மட்டும் மிஞ்சும்.