பதினைந்து இலக்க அடையாளம்

திருடப்பட்ட கைப்பேசியிலிருந்து பெரும்பாலும் முதலில் கழற்றி எறியப்படுவது சிம் அட்டையே. ஆனால், கருவியின் அடையாளம் அந்த அட்டையில் இல்லை. ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையையும் அடுத்த 6 இலக்கங்கள் அதன் வரிசையையும் குறிக்கும். இறுதி இலக்கமோ முந்தைய பதினான்கிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது; எண்ணைப் பிழையாக எழுதினால் காட்டிக்கொடுப்பது அதுவே.

எந்த அட்டையைப் பொருத்தினாலும், கைப்பேசி கோபுரத்துடன் தொடர்புகொள்ளும்போது இவ்வெண் வலையமைப்புக்குத் தெரிந்துவிடும். இதனை அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை மையப் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. 2023 மே மாதம் ‘சஞ்சார் சாத்தி’ இணையத்தளம் வாயிலாக அது நாடு முழுமைக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. கைப்பேசியை இழந்தவர் காவல்துறையில் புகார் அளித்து, அதன் நகலுடன் அத்தளத்தில் விண்ணப்பித்தால் அவ்வெண் எல்லா நிறுவனங்களின் வலையமைப்பிலும் முடக்கப்படும். பின்னர் எவரேனும் அதில் வேறு அட்டையைப் பொருத்தினால், அச்செய்தி காவல்துறைக்குச் செல்லும். மீட்பது காவலர் பணி. உரியவர் தாமே தேடிச் செல்வது இடர் மிக்கது.

எண்ணையே மாற்றியமைப்போரும் உளர். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது.

நடைமுறை இடையூறோ மிக எளியது. விண்ணப்பத்தில் கேட்கப்படும் அவ்வெண்ணை முன்பே குறித்துவைத்தவர் அரியர். *#06# என அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதற்குக் கைப்பேசி கையில் இருக்க வேண்டுமே! தொலைந்தபின் கடை இரசீதும் பெட்டியின்மேல் ஒட்டிய தாளும் துணைநிற்கும். அப்பெட்டியோ பல வீடுகளில் பழைய தாள்களோடு எடைக்குப் போடப்பட்டிருக்கும்.