இரண்டாம் நாற்காலிக்கு யார் தகுதி?

“துணையாக நிற்பவர் தன் ஊர் வாக்குகளை மொத்தமாக வாங்கித் தந்துவிடுவார்.”

அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சும் வந்துவிடுகிறது. அங்கே அதிபரும் துணை அதிபரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒருவருக்கு விழும் வாக்கு இருவருக்கும் சேர்ந்ததே. சாட்சியாக எல்லோரும் 1960-ஐக் காட்டுவார்கள். கென்னடி, டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் டெக்சாஸ் கிடைத்தது. கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது. மாநிலவாரியாகக் கணக்கிடப்படும் தேர்வாளர் வாக்குகளில் கென்னடிக்கு விழுந்தவை 303. டெக்சாஸின் 24-ஐக் கழித்தாலும் 279 மிஞ்சும். ஜெயிக்க 269 போதும்.

பிறகு நடந்தவையும் நம்பிக்கைக்கு எதிராகவே இருக்கின்றன. 1988-ல் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் துணை அதிபர் வேட்பாளராக நின்றார். டெக்சாஸ் எதிரணிக்குப் போனது. 2004-ல் ஜான் எட்வர்ட்ஸுக்குச் சொந்த மாநிலமான வட கரோலினா கைகொடுக்கவில்லை. 2012-ல் பால் ரயனுக்கு விஸ்கான்சினும் அப்படியே. தமிழ்நாட்டின் துளசேந்திரபுரத்தில் வேர்கொண்ட கமலா ஹாரிஸை 2020-ல் ஜோ பைடன் தேர்ந்தெடுத்தபோது, ஹாரிஸின் மாநிலமான கலிஃபோர்னியா ஏற்கெனவே பைடனின் கட்சியின் கைக்குள்தான் இருந்தது. ஒரு மாநிலத்தைக் கூடுதலாகக் கொண்டுவருவார் என்று அவரைச் சேர்க்கவில்லை.

“தமிழர் நின்றால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லோரும் அவருக்கே போடுவார்கள்.”

நம் நாட்டில் 2025 செப்டம்பர் 9-ல் நடந்த குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் 452 வாக்குகளும் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் சுதர்சன் ரெட்டி 300 வாக்குகளும் பெற்றார்கள். தி.மு.க. கூட்டணி ரெட்டியைத்தான் ஆதரித்தது. இதையொட்டி இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: நம் எம்.எல்.ஏ.வும் அதில் வாக்களிப்பார் என்பது. குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டுமே அவருக்கு வாக்கு. துணைத் தலைவரை நாடாளுமன்ற இரு அவை உறுப்பினர்கள் மட்டும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களின் பங்கு திருவள்ளூர் எம்.பி. வழியாகவும், அம்பத்தூர்க்காரர்களின் பங்கு ஸ்ரீபெரும்புதூர் எம்.பி. வழியாகவும் போகிறது.

“எல்லாத் தரப்புக்கும் பங்கு பிரித்துவிட்டால் நல்ல துணை கிடைத்துவிடுவார்.”

நம் பக்கம் ஆழமாக ஊறியிருக்கும் நம்பிக்கை இதுதான். 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஆவடி மாநகராட்சியில் 48 வார்டுகள். மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் கூடி தி.மு.க.வின் உதயகுமாரை மேயராக்கினார்கள். துணை மேயர் பதவி கூட்டணியில் ம.தி.மு.க.வுக்குப் போனது. இதே பங்கீட்டில் கடலூர் விடுதலைச் சிறுத்தைகளுக்கும், மதுரை மார்க்சிஸ்ட் கட்சிக்கும், திருப்பூர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் துணை மேயர் இடங்களாகக் கிடைத்தன.

பங்கீடு தப்பென்று நான் சொல்லமாட்டேன். 2011-ல் அம்பத்தூர், மதுரவாயல் நகராட்சிகளெல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் கரைந்தன. அம்பத்தூர் ஏழாவது மண்டலம் ஆனது. அந்த நேரத்தில் மதுரவாயல் பக்கத்துக்காரரான பெஞ்சமின் சென்னைத் துணை மேயரானார். பிற்பாடு மதுரவாயல் எம்.எல்.ஏ.வாகி அமைச்சரும் ஆனார். புதிதாகச் சேர்க்கப்பட்ட புறநகருக்கு ரிப்பன் மாளிகையில் ஒரு குரல் வேண்டும் என்பது நியாயம்தான். என் வருத்தம் வேறு. ‘எந்தக் கட்சிக்கு’ என்பதைப் பேசி முடித்த பிறகுதான் ‘யாருக்கு’ என்ற கேள்வியே எழுகிறது. மேயர் இல்லாத நாளில் மன்றத்தை நடத்த இவரால் முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

“முதலாமவர் போனால் துணைவர் தானாக அந்த இடத்துக்கு வந்துவிடுவார்.”

அமெரிக்காவில் வருவார். எட்டு அதிபர்கள் பதவியிலேயே இறந்தார்கள், நிக்சன் 1974-ல் விலகினார். ஒன்பது முறையும் துணை அதிபரே அதிபரானார். இங்கே அப்படி ஒரு பாதை கிடையாது. 1969 மே 3-ல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்தபோது துணைத் தலைவர் வி.வி.கிரி தற்காலிகமாகத்தான் பொறுப்பேற்றார். பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தே குடியரசுத் தலைவரானார். ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியல் சாசனம்.

தமிழ்நாட்டில் நாவலர் நெடுஞ்செழியனை நினைத்துப் பாருங்கள். 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தபோது அமைச்சரவையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் அவர். ஒரு வாரம் தற்காலிக முதல்வராக இருந்தார். அதன் பின் கலைஞர் முதல்வரானார். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் அதே நாவலர்தான் தற்காலிக முதல்வர். இரண்டு வாரங்களில் ஜானகி அம்மையார் வந்துவிட்டார். துணை முதல்வர் என்ற பெயரே தமிழ்நாட்டுக்கு 2009 மே மாதம்தான், மு.க.ஸ்டாலினோடு வந்தது. அரசியல் சாசனத்தில் அந்தப் பதவி இல்லை. மூன்று முறை முதல்வராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் 2017 ஆகஸ்டில் துணை முதல்வரானதும் இதே மாநிலத்தில்தான். அடுத்த ஆள் யார் என்பதைப் பெயர்ப்பலகை முடிவு செய்வதில்லை. கட்சி முடிவு செய்கிறது.

“துணைப் பதவி வெறும் அலங்காரம்.”

அலங்காரமாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹாரி ட்ரூமன் உதாரணம். 82 நாள் துணை அதிபராக இருந்தார். 1945 ஏப்ரல் 12-ல் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த பிறகுதான் அணுகுண்டுத் திட்டத்தின் விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது. போரின் நடுவில், நாட்டின் மிகப் பெரிய ரகசியம் தெரியாத ஒருவர் கையில் அதிகாரம் போய்ச் சேர்ந்தது. 1976-ல் ஜெயித்த ஜிம்மி கார்ட்டர் வேறு மாதிரி செய்தார். துணை அதிபர் வால்டர் மாண்டேலுக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அறை கொடுத்தார். தனக்கு வரும் கோப்புகள் அவருக்கும் போகும்படி செய்தார். வாரம் ஒரு முறை இருவரும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பதவிக்கு உண்மையான எடை அப்போதுதான் கூடியது. கமலா ஹாரிஸ் செனட்டில் சமநிலையை உடைக்க 33 முறை வாக்களித்தார். வேறெந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை. 2024 ஜூலையில் பைடன் விலகியதும், கட்சி வேட்பாளராக அவரால் உடனே இறங்க முடிந்தது.

இதே அளவுகோலை ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வைத்தால் என்ன? பாதாளச் சாக்கடைப் பணி எந்தத் தெருவரை வந்திருக்கிறது, பருத்திப்பட்டு ஏரியில் கழிவுநீர் எந்த வழியாகக் கலக்கிறது, பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் பணம் செலவாகாமல் கிடக்கிறது என்பதெல்லாம் மேயருக்குத் தெரிகிற அளவுக்குத் துணை மேயருக்கும், நகராட்சித் தலைவருக்குத் தெரிகிற அளவுக்குத் துணைத் தலைவருக்கும் தெரிய வேண்டும். கோப்பு அவர் மேஜைக்கும் போக வேண்டும்.

2022 பிப்ரவரியில் ஆவடி மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தபோது, மேயர் யார், துணை மேயர் யார் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாக்கு எண்ணி முடிந்த பிறகு கட்சிகள் பேசி முடித்தன. அடுத்த தேர்தலில் கூட்டணிகள் இரண்டு பெயர்களையும் பிரசாரத்தின்போதே அறிவிக்க வேண்டும். மறைமுகத் தேர்தல் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. வார்டுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ‘உங்கள் துணை மேயர் வேட்பாளர் யார், என்ன வேலை செய்தவர்’ என்று கேட்கும் உரிமை அம்பத்தூர்க்காரருக்கும் உண்டு, ஆவடிக்காரருக்கும் உண்டு.