எலுமிச்சையை நேரில் விற்கும் முன் கூலியையும் கணக்கில் சேருங்கள்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரம் எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. ஓரிரு ஏக்கரில் குடும்பத்தாரே பாடுபட்டு வளர்க்கும் பழம் பெரும்பாலும் புளியங்குடி மண்டிக்குப் போகிறது. விலை சரியும்போதெல்லாம், "நாமே நேரில் விற்றால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. நேரடி விற்பனை நல்லதுதான். ஆனால், விற்கப் போகிறவரின் கூலியைச் சேர்க்காத கணக்கு லாபமாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

ஒரு நாள் கணக்கு

உதாரணமாக, கமிஷன், வண்டி வாடகை போக மண்டியில் கிலோவுக்கு 27 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 40 கிலோவுக்கு 1,080 ரூபாய். அதையே கிலோ 45 ரூபாய்க்கு நேரில் விற்று, 32 கிலோ மட்டும் போனால் வரவு 1,440 ரூபாய். பஸ் செலவு, சாப்பாடு 150, ஒருவர் கூலி 400 கழித்தால் மிச்சம் 890 ரூபாயே. 40 கிலோவும் விற்றால் 1,250 ரூபாய் நிற்கும். ஆகவே, மீதமாகும் பழமே லாபத்தைத் தீர்மானிக்கிறது.

மீதமாகாமல் விற்க

முதலில் வாடிக்கையைப் பிடிக்க வேண்டும். ஜூஸ் கடை, சாப்பாட்டுக் கடை, ஊறுகாய் போடுவோர், பூஜைப் பொருள் கடை ஆகியோரிடம் வாரத்திற்கு எவ்வளவு தேவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த அளவே பறித்துக் கொடுக்கலாம். கோடையில் தேவை கூடும். ஆடித்தபசு, ஆடி வெள்ளி நாட்களில் கோயில் தேவையும் சேரும். மற்றதை மண்டிக்கு அனுப்புவதில் தவறில்லை.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் கடை வாடகையின்றி விற்கலாம்.

பறிப்பும் தரம் பிரிப்பும்

நேரில் வாங்குபவர் பழத்தைப் புரட்டிப் பார்த்தே எடுப்பார். பனி ஈரம் காய்ந்தபின், மஞ்சள் திரும்பிய பழங்களைச் சிறு காம்புடன் கத்தரித்து எடுக்கவும். இழுத்துப் பறித்தால் காம்படித் தோல் கிழிந்து அழுகும். உதிர்ந்த பழங்களை இவற்றுடன் கலக்கக் கூடாது. பருத்த, மாசற்ற பழங்களை நேரடி விற்பனைக்கும், சொறிப்புள்ளி உள்ளவற்றை ஊறுகாய்க்கும் பிரித்து, நிழலில் பரப்பி வைக்கவும்.

சொறி நோய் கண்ட குச்சிகளை வெட்டி எரித்து, லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளிக்க வேண்டும். மருந்து தெளித்தால், டப்பாவில் குறித்துள்ள இடைவெளி கழியுமுன் பழம் பறிக்கக் கூடாது.

நோட்டில் எழுதுக

கொண்டுபோனது, விற்றது, மீந்தது, செலவு, கூலி ஆகிய ஐந்தையும் தினமும் எழுதி வரவேண்டும். பழம் பிரிக்கும் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி போட வேண்டும். ஒரு மாதக் கணக்கைப் பார்த்தால், எவ்வளவை நேரில் விற்பது, எவ்வளவை மண்டிக்கு அனுப்புவது என்பது தானே விளங்கும்.