உறைபனியும் உஷ்ண தேசத்து விமானியும்

உஷ்ண தேசங்களில் பழகிய விமானிக்கு மழையும் இடியும் புயலும் நன்கு தெரியும். உறைபனியையோ அவன் பெரும்பாலும் புத்தகத்தின் வாயிலாகவே அறிந்திருப்பான். பார்வைக்கு மெல்லியதாகிய இப்பனி ஆகாய விமானத்திற்கு எங்ஙனம் பகையாகிறது என்பதையும், அதனினின்று காத்துக்கொள்ளும் வகையையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

விமானத்தை வானில் தாங்குவது அதன் இறக்கைகளின் வடிவமாகும். வழவழப்பான மேற்பரப்பின்மீது காற்று தடையின்றி ஒழுகும்வரையில் மேலெழுப்பும் விசை குறைவின்றி உண்டாகும். உப்புக்காகிதம்போற் சொரசொரப்பான பனிப்படலம் படியின், அவ்விசை நூற்றுக்கு 30 பங்குவரை குறையக்கூடும். காற்றின் தடை நூற்றுக்கு 40 பங்குவரை மிகக்கூடும். அன்றியும், மேகங்களில் சூன்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நிற்கும் நீர்த்துளிகள் உண்டு. விமானம் மோதிய மாத்திரத்தில் அவை கட்டியாகிவிடும். இதுபற்றியே இறக்கையின் முன்விளிம்பையும் யந்திரத்தின் வாயையும் சூடாக்கும் சாதனங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

சாதனம் இருந்தும் பழக்கம் இன்மையால் விளைந்த கேட்டிற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1982-ம் ஆண்டு ஜனவரி மாதம் 13-ந் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பனி பெய்துகொண்டிருந்தது. வெப்பப் பிரதேசமாகிய பிளாரிடாவைச் சார்ந்த ஏர் பிளாரிடா கம்பெனியின் போயிங் 737 விமானம் ஒன்று அங்கிருந்து புறப்பட ஆயத்தமாயிற்று. அதன் விமானிகள் இருவரும் பனியில் ஜெட் விமானம் செலுத்திய அனுபவம் மிகக் குறைந்தவர்கள்.

புறப்படுமுன் துணை விமானி அட்டவணையை வாசிக்க, தலைமை விமானி விடை பகர்ந்தார். யந்திரத்தின் பனித்தடுப்பு என்ற வினாவிற்கு, அது மூடியிருப்பதாக விடை வந்தது. உஷ்ண தேசத்தில் அவ்விடை எந்நாளும் பொருந்துவதே. அன்றைக்கோ அது பொருந்தாததாயிற்று. முன்னே நின்ற விமானத்தின் வெப்பக்காற்றால் தங்கள் விமானத்தின் பனி உருகுமென்றும் அவர்கள் கருதினர். உருகிய நீர் முன்விளிம்பில் மீண்டும் உறையக்கூடும் என்பதை எண்ணினாரில்லை.

பனி நீக்கும் திரவத்தால் விமானத்தைக் கழுவி 49 நிமிஷங்கள் கழிந்தபின்னரே அது ஓடத் தொடங்கிற்று. யந்திரத்தின் முன்வாயிலுள்ள அழுத்தமானி பனியால் அடைபட்டமையால், சக்தியைக் காட்டும் முள் 2.04 என்று நின்றது. உண்மையில் இருந்த சக்தியோ 1.70 அளவிற்கே உரியது. ஏதோ பிழையிருப்பதாகத் துணை விமானி பன்முறை உணர்த்தியும் ஓட்டம் நிறுத்தப்படவில்லை. எழுந்த சில நொடிகளில் விமானம் பாலம் ஒன்றில் மோதிப் பொட்டோமாக் நதியின் பனிக்கட்டிகளிடையே வீழ்ந்தது. அதிலிருந்த 79 பேரில் ஐவரே பிழைத்தனர். பாலத்தின்மேற் சென்ற நால்வரும் மாண்டனர்.

இதனால் நாம் அறியும் விதிகள் நான்கு. முதலாவது, இறக்கையில் சிறிதளவு பனி ஒட்டியிருப்பினும் விமானத்தை எழுப்பலாகாது. இரண்டாவது, பனி நீக்கும் திரவம் காக்கும் காலம் அளவுடையது. குளிரின் கடுமைக்கும் பனியின் தன்மைக்கும் ஏற்ப அக்காலத்தைக் கணித்து, அது கடந்தால் திரும்பிச்சென்று மீண்டும் கழுவுவித்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு கருவியின் சொல்லை மாத்திரம் நம்பாது, யந்திரத்தின் சுழற்சி வேகம், ஓட்டத்தின் வேகம் முதலியவற்றோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும். நான்காவது, துணைவன் ஐயங்கூறின் பறக்குமுன்னரே நின்று ஆராய்தல் வேண்டும்.

இக்காலத்தில் உஷ்ண தேசத்து விமானிகள் குளிர்நாடு செல்லுமுன் இவற்றைப் பாடமாகப் பயில்வதோடு, பனிமூடிய ஓடுபாதையைப் போலிக்கும் பயிற்சி யந்திரத்திலும் பழகுகின்றனர். வழுக்கும் பாதையில் விமானம் நிற்பதற்கு நெடுந்தூரம் வேண்டுமாதலின், இறங்குமுன் அத்தூரத்தையும் கணக்கிடுகின்றனர்.

மாணாக்கர்காள்! பழக்கம் நல்ல ஊழியன். ஆயினும் இடம் மாறியதை அது தானாக அறியாது. நூறுமுறை சரியாயிருந்த விடையையும் நூற்றோராவது முறை வினாவைக் கேட்டபின்னரே சொல்லுதல் அறிவுடைமையாம்.