லாட்டரியா, கவுன்சிலா, உண்டியலா?

லண்டனிலும் லெஸ்டரிலும் உள்ள பல சின்னச் சங்கங்களில் தலைவர் கணவர், பொருளாளர் மனைவி, செயலாளர் மைத்துனர். சோமாலிய முதியோருக்கு மதிய உணவோ, தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்போ, வேலை குறையின்றி நடக்கும். மானியம் கேட்கப் போகும்போதுதான் இடிக்கும். குழுவில் உறவில்லாத இருவராவது இருக்க வேண்டும், வங்கிக் கணக்கையும் அப்படி இருவர் சேர்ந்தே கையாள வேண்டும் என்கிறது பிரிட்டனின் தேசிய லாட்டரி சமூக நிதியம். ஒரே முகவரியில் குடியிருப்பவர்களும் அதன் பார்வையில் உறவினர்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்ட சங்கத்துக்கு லாட்டரி நிதியத்தின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' திட்டம் நல்ல வழி. 10,000 பவுண்டாக இருந்த உச்சவரம்பு 2023 இறுதியில் இங்கிலாந்தில் 20,000 ஆனது; 300 பவுண்டும் கேட்கலாம். பதிவுபெற்ற அறக்கட்டளையாக இருக்க வேண்டியதில்லை, எழுதி ஏற்ற யாப்பு (அமைப்பு விதிகள்) போதும். ஆனால் யாப்பிலும் வங்கித் தாளிலும் படிவத்திலும் சங்கத்தின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'மன்றம்', இன்னொன்றில் 'சங்கம்' என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சமயச் சடங்குக்குப் பணம் கிடையாது. கோயில் மண்டபத்தில் எல்லோருக்குமாக நடக்கும் உடற்பயிற்சி வகுப்புக்குக் கேட்கலாம், பூசைக்குக் கேட்க முடியாது. இது சூதாட்டப் பணம் என்று ஒதுங்கும் முஸ்லிம் அமைப்புகளும் உண்டு. அவர்கள் நேராக மற்ற வழிகளுக்குப் போகலாம்.

படிவத்தில் எழுதும் விதமும் முக்கியம். "எங்கள் பண்பாட்டைக் காக்கிறோம்" என்று எழுதினால், படிப்பவருக்கு எதுவும் பிடிபடாது. "தனியே வாழும் 25 முதியவர்கள் செவ்வாய்தோறும் கூடிச் சாப்பிடுவார்கள், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மருத்துவரின் கடிதத்தை ஒருவர் வாசித்துச் சொல்வார்" என்றால் யாருக்கு, என்ன நடக்கும் என்று தெரிகிறது. வேலை ஒன்றுதான், இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் பணம் வரும்.

உள்ளூர் கவுன்சிலின் சிறு மானியம் வேறு ரகம். தொகை குறைவு, பெரும்பாலும் அந்த வட்டாரவாசிகளுக்கு மட்டும், கடைசித் தேதி தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் புதிய சங்கம் இங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம். சில நூறு பவுண்டு வாங்கி, ரசீதுகளோடு ஒழுங்காகக் கணக்குக் கொடுத்த சங்கம், அடுத்த விண்ணப்பத்தில் அதையே சான்றாகக் காட்டலாம். கொடையாளர்களின் நிதிகளை நிர்வகித்துப் பகிர்ந்தளிக்கும் வட்டாரச் சமூக அறக்கட்டளைகளையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

விழாவுக்கும் மொழி வகுப்புக்கும் மானியத்தை நம்பியிருப்பதைவிட 'கிஃப்ட் எய்ட்' மேல். வருமான வரி கட்டுபவர் படிவம் நிரப்பி 1 பவுண்டு நன்கொடை கொடுத்தால், அறக்கட்டளைக்கு அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். இதற்கு வரித்துறையின் அங்கீகாரம் தேவை. உண்டியலில் விழும் 30 பவுண்டுக்கு மேற்படாத சில்லறை நன்கொடைகளுக்குப் படிவமே வேண்டாம். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை கணக்குக் காட்டி 2,000 பவுண்டு பெறலாம். அந்த முழுத் தொகை வேண்டுமானால், அதே ஆண்டில் படிவத்தோடு வந்த நன்கொடை 800 பவுண்டாவது இருக்க வேண்டும். வகுப்புக் கட்டணத்தை நன்கொடை என்று எழுதுவது மட்டும் கூடாது. அது சேவைக்கான விலை. வரித்துறை விசாரித்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

முன்பே செலவழித்த பணத்தை லாட்டரி நிதியம் தராது. மானியம் தரும் மற்றவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவரை மாற்றவே சில வாரங்கள் ஆகலாம். அந்த வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.