ஜெனீவா முதல் தேவிகுளம் வரை: சம ஊதிய உரிமையும் அரசின் கடப்பாடும்

ஓர் அரசு தன் மக்களுக்கு அளிக்கும் உரிமைப் பாதுகாப்பை உலக அமைப்புகள் ஆராய்ந்து, குறைகளைக் களையுமாறு வற்புறுத்துவது இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற நடைமுறையாகும். பொருளாதாரத் தடை போன்ற கடுமையான வழிகளே பெரிதும் பேசப்படுகின்றன. எனினும், அரசு தானே விரும்பி ஏற்ற உடன்படிக்கையை நினைவூட்டி, ஆண்டுக்கணக்கில் விளக்கம் கேட்டுவருவதும் ஒருவகை வற்புறுத்தலே. இதன் பயனையும் எல்லையையும் அறியக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள் தக்க சான்றாகும்.

மூணாறு உள்ளிட்ட இம்மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டங்கள் தோன்றின. கங்காணிகள் வாயிலாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். கொழுந்து பறிப்போரில் மிகப்பெரும்பாலோர் பெண்கள்.

உடன்படிக்கையும் சட்டமும்

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் 39ஆம் பிரிவில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்றது. ஆயினும் அதனை நீதிமன்றத்தின் வாயிலாக நேரடியாகக் கோரிப் பெற இயலாது. 1951இல் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் சம மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வழங்கக் கோரும் 100ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1958இல் இந்தியா அதனை ஏற்றது. எனினும், அதற்கெனத் தனிச் சட்டம் பிறக்க மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின.

1974 டிசம்பரில் இந்தியப் பெண்களின் நிலை பற்றிய குழு தன் அறிக்கையை அளித்தது. 1975ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்து, மெக்சிகோ நகரில் உலக மாநாட்டை நடத்தியது. அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று சம ஊதிய அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. சமநிலையை உண்டாக்குவதற்காக எவருடைய ஊதியத்தையும் குறைத்தல் ஆகாது என அச்சட்டம் தடுத்தது. ஆகவே, பெண்ணின் ஊதியத்தை உயர்த்துவதே முதலாளிக்கு எஞ்சிய வழியாயிற்று. பழைய கடப்பாடும், உள்நாட்டு ஆய்வும், உலகின் கவனமும் ஒருங்கே கூடியபோதுதான் சட்டம் உருப்பெற்றது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

கேள்வி கேட்கும் முறை

உடன்படிக்கையை ஏற்ற அரசு, குறித்த கால இடைவெளியில் அதன் செயலாக்கம் பற்றி ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன்மீது தொழிற்சங்கங்களும் முதலாளிகளின் அமைப்புகளும் கருத்துரைக்கலாம். வல்லுநர் குழு அவற்றை ஆராய்ந்து, குறைகளை வெளிப்படையாகப் பதிவு செய்யும். தண்டிக்கும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்வியே அதன் கருவி.

ஏற்காத உடன்படிக்கையைப் பொறுத்து இவ்வழி குறுகிவிடுகிறது. தோட்டங்களுக்கென 1958இல் உருவான 110ஆம் உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. அதற்கு முன்னரே, 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாக்கியிருந்தது.

சட்டம் எட்டாத இடம்

உடன்படிக்கை பேசுவது 'சம மதிப்புள்ள வேலை' பற்றி. 1976ஆம் ஆண்டுச் சட்டமோ 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்று மட்டும் கூறிற்று. சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு தோட்டத்தில் பெரிதாகிறது. ஆண்கள் கவ்வாத்து வெட்டுகின்றனர், மருந்து தெளிக்கின்றனர். பெண்கள் நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கின்றனர். வேலைகள் வெவ்வேறாக இருக்கையில், ஒத்த வேலை செய்யும் ஆணைச் சுட்டிக்காட்டிப் பெண் தன் ஊதியத்தை ஒப்பிட இயலாது. பறித்தலின் மதிப்பே குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தால், அக்குறையைச் சட்டம் காணாது. வல்லுநர் குழு இவ்விடைவெளியைப் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் சாலையில் அமர்ந்து போராடினர். 'பெம்பிளை ஒருமை' எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் 20 விழுக்காடு போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துதலும் கோரியது. போனஸ் கோரிக்கை, கருணைத்தொகையையும் சேர்த்து 20 விழுக்காடு என முடிவுற்றது. அக்டோபரில் கூலி 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்னும் நிலை மட்டும் போதுமானதன்று, அக்கூலி உழைப்புக்கு ஈடாக இருத்தல் வேண்டும் என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று.

எஞ்சியுள்ள பணி

1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலும் 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்னும் அளவுகோலே நீடிக்கிறது. எனவே ஜெனீவாவின் கேள்வியும் நீடிக்கும்.

வெளியிலிருந்து வரும் வற்புறுத்தல் சட்டத்தின் வாயிலைத் திறக்கும். வேலையின் மதிப்பை நடுநிலையோடு கணிப்பதும், தோட்டத்திற்குச் சென்று பதிவேட்டைச் சோதிப்பதும் உள்நாட்டு நிர்வாகத்தின் கடமை. தங்கள் குறையைத் தாங்களே எடுத்துரைக்கத் தொழிலாளர்க்கு இடமிருத்தலும் வேண்டும். இம்மூன்றும் இணையும்போதே உடன்படிக்கையில் எழுதப்பட்ட உரிமை கொழுந்து பறிப்பவரின் கூலியாக அவர் கையைச் சேரும்.